மீட்டர்

கொட்டகலையில் ஏழு பேர்ச், ரெண்டு அறை.
போனில் படம் காட்டினார் புரோக்கர் அருள்தாசன்.
அறுபத்தைந்து லட்சம்.
நேரில் போய்ப் பார்க்க முதல்
ஒரு கடதாசி நீட்டினார்.
“சும்மா ஒரு கையெழுத்து, தம்பி.”

சும்மா என்று எவரும் பேனா தருவதில்லை.

மல்லியப்பு சந்தியில் ஓரங்கட்டி
மழைக்குத் திரையை இறக்கிவிட்டு வாசித்தேன்,
அவர் பின்சீட்டில், நான் முன்னால் திரும்பி உட்கார்ந்து.
விலையில் நூற்றுக்கு மூன்று நான் தர வேண்டும்.
ஆறு மாதம் வேறொருவரோடு வீடு பார்க்கக் கூடாது.
பார்த்து வாங்கினாலும்
மூன்று அவருக்கே.

நூற்றுக்கணக்கு எனக்குப் பிடிபடாது,
தூரக்கணக்குப் பிடிபடும்.
ஒரு லட்சத்துத் தொண்ணூற்றையாயிரம்:
ஹட்டன் ஸ்டேசனிலிருந்து டிக்கோயாவுக்கு
முந்நூறு வீதம்
அறுநூற்றைம்பது ஹயர்.
பெற்றோல் கழிக்காமல்.

எங்கள் தோட்டத்தில் ஒரு காலம்
துண்டு என்றொரு தாள் இருந்ததாம்,
கடனை எழுதி ஆளைக் கட்டிவைக்க.
ஆறு மாதம் என்ற வரியைத்
திரும்பவும் வாசித்தேன்.

“அண்ணே, விலை ஏறினா உங்க காசும் ஏறும்.
அப்புறம் எனக்காக எப்படிக் குறைச்சுக் கேப்பீங்க?”

அவர் திரையின் இடுக்கால் வெளியே பார்த்தார்.
அந்த முகம் எனக்குத் தெரியும்.
சிவனொளிபாத மலை சீசனில்
கொழும்புக் குடும்பமொன்றை
நேர்வழி இருக்க நீளவழியில் கொண்டுபோன இரவு
கண்ணாடியில் பார்த்தது.
மீட்டருக்கு மனச்சாட்சி இல்லை, ஓடினால் ஏறும்.
ஓட்டுகிறவனுக்கும்
மெதுமெதுவாய் அதே புத்தி வரும்.

“விக்கிறவர்கிட்டயும் எடுப்பீங்களா?”
கொஞ்ச நேரம் கூரை ரெக்சினில் மழை மட்டும்.
“எடுப்பேன். எல்லாரும் எடுக்கிறதுதான்.”
மறைக்காமல் சொன்னதில்
அவர் மேல் எனக்கு விருப்பம்கூட வந்தது.

யோகமலருக்கு போன் போட்டேன்.
கொழுந்து நிறுக்கும் சத்தத்துக்கு நடுவே கத்தினாள்:
“ஏற முந்திப் பேசு!
இறங்கையில பேசினா சண்டைதான்,
ஒனக்குத் தெரியாததா?”

பேசினோம்.
கூடினாலும் குறைந்தாலும் ஒரே தொகை.
நான் எழுபது என்றேன், அவர் ஒன்றேகால் என்றார்,
தன் மகளின் டியூசன் காசைச் சொன்னார்,
நான் என் டயரைச் சொன்னேன்.
தொண்ணூறாயிரத்தில் நின்றது.
ஆறு மாதத்தை வெட்டி ஒரு மாதம்,
இந்த ஒரு வீட்டுக்கு மட்டும்.
விற்கிறவர் தருவதை எனக்கும் எழுதிக் காட்ட வேண்டும்.
ஈரத் தாளில் பேனா பிடிக்கவில்லை.
ஊதி ஊதி,
வெட்டிய ஒவ்வொரு இடத்திலும்
இருவரும் சின்னதாய்க் கையெழுத்து வைத்தோம்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி “எவ்வளவு?” என்றார்.
அப்போதுதான் பார்த்தேன்,
மீட்டர் அவ்வளவு நேரமும் ஓடியிருக்கிறது,
நின்ற நேரத்துக்கும் சேர்த்து.
அணைத்துவிட்டு, “இருநூறு குடுங்க” என்றேன்.
அவர் சில்லறை எண்ணினார்.

வீட்டுக்குப் போய் அந்தப் படத்தைப்
பெரிதாக்கிப் பார்த்தேன்.
பின்சுவர் முழுக்கப் பாசி.
அதைப் பற்றிக் கடதாசியில்
ஒரு வரியும் இல்லை.