பதினைந்துக்கு ஒன்று

காலை நான்கு மணிக்குக் கை திறக்க மறுக்கிறது.
குழாயை மணிக்கட்டால் தள்ளித் திருப்பி
வெந்நீரில் விரல்களைப் போட்டுவிட்டு நிற்கிறேன்,
பருப்பு ஊறக் காத்திருப்பவள் மாதிரி.
ஆறரைக்குள் இருநூறு சமோசா மடித்தாக வேண்டும்.
சாட்ஸ்வொர்த் டாக்சி நிலையத்தில்
பசிக்கு மூட்டுவலி தெரியாது.

டாக்டர் நோம்புலேலோ என் ரத்தத்தின் எண்களைப் பார்த்தார்.
பிறகு என் புடவையை முகர்ந்தவர் போல நிமிர்ந்து,
எந்த எண்ணெய், என்றார்.
சூரியகாந்தி.
வேறென்ன இருக்கிறது இந்த ஊரில்?
இருபது லிட்டர் டின், வாரத்துக்கு இரண்டு.

மருந்துச் சீட்டின் முதுகில் ஒரு சீசா பலகை வரைந்தார்.
இந்த முனையில் ஒமேகா ஆறு, பதினைந்து கோடுகள்.
அந்த முனையில் ஒமேகா மூன்று,
ஒரே கோடு,
அதுவும் பேனா தீர்ந்து பாதியில் நின்றது.

ஆறு எதிரியில்லை, அதுவும் உடம்புக்கு வேண்டும்;
எதிரே உட்கார ஆளில்லாததுதான் கோளாறு.
எவ்வளவு கோளாறு என்பதில்
ஆராய்ச்சிக்காரர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.
மீன் சாப்பிடு. வெள்ளிக்கிழமை மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே.
மீன் மருந்தில்லை, மருந்துக்குத் துணை.
இதைச் சொல்லி முடிக்குமுன் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மருந்துக்கடையில் மீனெண்ணெய்ப் புட்டி முந்நூற்றைம்பது ராண்ட்.
எழுபது சமோசா.
முன்பக்கம் ஆயிரம் மில்லிகிராம் என்று கூவியது,
பின்பக்கம் பொடி எழுத்தில்
வேண்டிய சரக்கு முந்நூறு என்று முணுமுணுத்தது.
தேர்தல் பேச்சு கேட்டுப் பழகிய கண் எனக்கு.
திருப்பி வைத்தேன்.
அடுத்த வாரம் போய் வாங்கினேன்.

ஜூன் கடைசியில் சேக்ரனின் போன்:
அமன்சிம்டோட்டியில் கடல் கறுத்திருக்கு, அக்கா.
வெள்ளைப் பறவைகள் ஊசி ஊசியாய்க் குத்தி விழ
கரைவலை இழுக்கிறவர்கள் எல்லா மொழியிலும் கத்த
முதல் நாள் கூடை யானை விலை.
மூன்றாம் நாள் போனேன், குதிரை விலை.
நான்காம் நாள்
பக்கெட்டோடு நின்ற ஜூலு அம்மாளும் நானும்
ஆளுக்குப் பாதி போட்டு ஒரு கூடை பிடித்தோம்.
என் கை மூடாததைப் பார்த்து
அவளே இரண்டு கையாலும் அள்ளிக் கொட்டினாள்.
எத்தனை சாளை! செதில் என் கண்ணாடிவரை.

வீட்டில் இவர் கேட்டார்: மசாலா தடவிப் பொரிப்பியா?
எதில் பொரிப்பது என்று நான் கேட்டேன்.
அரைமணி நேரம் பேச்சில்லை.
புளி கரைத்தேன். கறிவேப்பிலை, பூண்டு,
குழம்பில் மெல்ல வேகட்டும் என்று விட்டேன்.
எலும்போடு தின்றோம்.
கடைசித் துண்டுக்கு இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம்.

பிறகு புரட்டாசி வந்தது.
கறி இல்லை, மீன் இல்லை, தெருவே கழுவி விட்ட மாதிரி.
அந்த மாத்திரை மீனா, மருந்தா?
ஐயரிடம் கேட்கவில்லை,
கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.
ஆளி விதையை வறுத்துப் பொடித்து
ரொட்டி மாவில் பிசைந்தேன்.
அதில் கொஞ்சம்தான் உடம்பு மாற்றிக்கொள்ளும் என்றார் டாக்டர்.
கொஞ்சம் போதும் ஒரு மாதத்துக்கு.
புட்டி சாமி படத்துக்குப் பின்னால் காத்திருந்தது.

வலி போகவில்லை.
முன்பு ஏழு மணிவரை பூட்டியிருந்த கை
இப்போது ஐந்தரைக்கே திறக்கிறது.
மாத்திரையா, சாளையா, விதையா,
யார் திறந்தார்கள் என்று தெரியவில்லை.

ஆனால் கடையில் இன்னும் அதே டின்தான்.
வேறு எண்ணெயில் ஒரு நாள் பொரித்தேன்,
ருசி மாறிப்போச்சு என்று பாதி திரும்பி வந்தது.
ஊராருக்குப் பதினைந்து ஊற்றி
எனக்கு மட்டும் ஒன்று தேடுகிறேன்.
இது உறுத்துகிறது, மூட்டில் இல்லை.

தட்டில் பதினைந்து உருளைக்கிழங்குக்கு நடுவே
தின் மீன் வைத்து ஒன்று மடித்தேன் இன்று.
அடையாளத்துக்கு ஒரு முனையைக் கிள்ளி விட்டேன்.
உம்லாசி டாக்சிக்காரர் எடுத்தார், கடித்தார், நின்றார்.
இதில் என்ன, என்றார்.
பயந்துகொண்டே சொன்னேன்.
மிளகாய் போதாது, என்றார்.
நாளைக்கு இரண்டு.