எட்டு

பொபினி ஆஸ்பத்திரி, விடியற்காலை.
தாதி ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்கிறாள்,
மொழிபெயர்க்கிறேன்.
"எட்டு" என்கிறாள் நிரூஷா.
எதற்கு எட்டு?
"ரெண்டுக்கும்தான், அக்கா."

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடம் முகாமாயிற்று.
எட்டாம் மாதம் வரை, லா டெஃபான்ஸில்
இருபதாம் மாடிக் கண்ணாடிகளை
ஆட்கள் வரமுன்னம் துடைத்து முடித்தாள்.
சோதனைக்குக் கூப்பிட்ட கடிதம்
மின்சாரக் கட்டணத் துண்டுகளோடு மடிந்து கிடந்தது.
கால் வீங்கியபோது
நிற்கிற வேலைதானே என்றிருந்தாளாம்.

ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிராம்.
இரண்டு மொழியிலும்
மெதுவாகத்தான் சொல்ல வருகிறது.

அடுத்த பெட்டிக்காரி வழக்கறிஞர்;
பிள்ளையின் அட்டவணையைத் தானே வாசித்து
டாக்டரைத் திருத்துகிறாள்.

நிரூஷா ஒன்றும் கேட்கவில்லை.
கண்ணாடித் துவாரத்துள் கை விடமுன்
கழுவச் சொல் என்கிறாள் தாதி.
சொல்கிறேன்.
கழுவிய கையை மறுபடி கழுவுகிறாள்,
முழங்கை வரைக்கும்.