தோள் மறைத்த பாதி

பூனை முடி கேட்டுத்தான்
முதன்முதலில் என் கடைக்கு வந்தாள்.
பேனர் அடிக்கிற கடையில்
அதற்கு முன் யாரும் அதைக் கேட்டதில்லை.
டாக்டர் தவனேசன் மனைவி, யரீனா.
உக்ரைனுக்குப் படிக்கப் போனவர்
பட்டத்தோடு கூட்டி வந்தவள் என்று
பெர்ஜுந்தை முழுக்கத் தெரியும்.
(அரசாங்கப் பலகையில் ஊருக்கு வேறு பெயர்.
பஸ் ஏறுகிறவர்கள் அதைச் சொல்வதில்லை.)

மீலோவைக் காட்டினேன். மஞ்சள் கடுவன்,
கல்லாப்பெட்டி மேல் தூங்குகிறவன்.
முதுகில் விரலளவு கத்தரித்து
குச்சியில் வைத்து நூலால் கட்டினாள்.
மையில் தோய்த்து
ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் ஓர் இழுப்பு.
தடித்துத் தொடங்கி
ஒன்றுமில்லாமல் முடிந்தது.
"கடைப் பிரஷுக்கு இந்த முடிவு வராது,"
மலாயில் சொன்னாள்.
எங்கள் இருவருக்கும் பொதுவானது அது ஒன்றுதான்.

துணி வாங்கிக் காசைக் கரியாக்காதே என்று
தேர்தல் முடிந்த பேனர்களைக் கொடுத்தேன்.
பின்பக்கம் வெள்ளை.
தோற்றவருடையது பதினொன்று,
ஜெயித்தவருடையது நான்கு.

வரைவது ஒரே படம்.
கைப்பேசியில் காட்டினாள்:
பெரியம்மா வீட்டுச் சமையலறை,
யாருக்கோ பிறந்தநாள், கேக்,
அடுப்புச் சுவர் கொள்ளாமல் பூ,
சிவப்புப் பழக்கொத்து, சுருண்ட இலை.
சரியாக நடுவில் ஒரு மாமா
தோளைச் சாய்த்து நின்றுவிட்டார்.
வலது பாதி அவருக்குப் பின்னால்.

சுவர் இப்போது இல்லை.
மாமாவும்.
இருப்பது அந்தத் தோள்.

இரவு பத்துக்கு, லைன் கிடைக்கிற என் கடை வாசலில்
அக்காவோடு சண்டை.
அக்கா அங்கே நடைவழியில் உட்கார்ந்திருப்பாள்.
தெருவுக்கும் ஆளுக்கும் நடுவே
இரண்டு சுவராவது இருக்க வேண்டுமாம், கணக்கு.
அங்கிருந்துகொண்டு அவள்,
மூலையில் பறவை இருந்தது என்கிறாள்.
இவள், அது புகைக்கறை.
பழம் ஐந்தா ஏழா?
பியாத் என்றால் ஐந்து, சீம் என்றால் ஏழு,
எனக்கே பாடமாகிவிட்டது.

பறவையோடு ஒன்று வரைந்தாள்.
பறவை இல்லாமல் ஒன்று.
மூன்றாவதில் பழங்களுக்கு நடுவே
முள் முளைத்திருந்தது.
லாரியை நிறுத்திவிட்டு வந்த அப்பளசாமி
உற்றுப் பார்த்துச் சொன்னார்:
"செம்பனைக் குலையா? அறுத்து மூணு நாளாச்சு போல.
மில்லுல தள்ளிருவான்."
மலாயில் மாற்றிச் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை,
சிவப்பில் கொஞ்சம் ஆரஞ்சு கலந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை.
ஸ்கேன் பண்ணித் தருகிறேன் என்றேன்.
இடது பாதியைத் திருப்பிப் போட்டால் வலது பாதி,
இரண்டு நிமிட வேலை,
பத்து வருஷம் சாயம் போகாது.

"அந்தப் பக்கம் ஜன்னல்," என்றாள்.
"அங்கே வந்தால் பெரியம்மா தெருவைப் பார்ப்பாள்.
கோடு கோணும்."
ஒரு காம்பை வேண்டுமென்றே கோணலாக இழுத்தாள்.
சரியில்லை. துடைத்தாள்.
பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு
எதிரே மீன் லாரிக்காரன் பேரம் பேசுவதைப்
பார்த்துக்கொண்டே இழுத்தாள்.
அதை நெடுநேரம் தொடவில்லை.

காய வெளியே மாட்டியிருக்கிறோம்.
மூன்று மணி வெயில் பின்னாலிருந்து அடிக்கும்போது
பூவுக்குள் வேட்பாளரின் பல் தெரிகிறது.
வேறு பேனர் தரட்டுமா என்று கேட்டேன்.
அவர்கள் ஊரிலும் பூவுக்குப் பின்னால்
யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்களாம்.
இருக்கட்டும் என்றாள்.

இப்போது நான்காவது.
பாதியில் பிரஷ் மொட்டையாகிவிட்டது.
மீலோ முதுகிலும் இரண்டு வெள்ளைத் திட்டு,
கத்தரியைக் கண்டால் மேசைக்கடியில் ஓடுகிறான்.
முடி வளர மூன்று வாரமாகும்.

அதுவரை
அந்தப் பறவைக்கு ஒரு சிறகுதான்.