நாற்பது நொடி

பல் கட்டும் கூடத்தில் ஆறு மணிக்கு வேலை முடியும்.
ட்ராமில் பெல்வ்யூ வரைக்கும் நின்றபடி
அன்று வந்த ஒலிகளைக் கேட்பேன்.

இருநூற்றுப் பதினான்கு பேர். அவ்வளவுதான் என் தளம்.
படம் கிடையாது, முகம் கிடையாது,
விருப்பக்குறி கிடையாது.
நாளுக்கு ஒரு ஒலி, நாற்பது நொடி.
கேட்டவர் இன்னொரு ஒலியால் பதில் சொல்லலாம்.

க்ளெமாங்ஸ் கோழிக்கூண்டின் தகரத்தில் விழும்
ஆலங்கட்டி மழையை அனுப்பினாள்.
ப்ரெஸ்டிலிருந்து ஒரு பையன்
சட்டியில் சோளம் பொரிவதை அனுப்பினான்.
இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.
இதற்காகத்தான் கட்டினேன் என்று சொன்னால்
வங்கியில் சிரிப்பார்கள்.

பிறகு சட்டம் வந்தது.
பதினைந்துக்குக் கீழே என்றால் பெற்றவர் சம்மதம்,
சம்மதத்துக்கு ஓர் ஆதாரம்,
ஆதாரம் பெற்றவருடையதுதான் என்பதற்கு
இன்னோர் ஆதாரம்.

சரிபார்த்துத் தரும் கம்பெனி லீல் நகரில் இருக்கிறது.
தலைக்கு ஒரு யூரோ எண்பது, மாதம் நானூறுக்குக் குறையாமல்.
என் சர்வருக்கு மாத வாடகை பதினொன்று.
'ஐயாயிரம் பேருக்கு மேல் என்றால் தள்ளுபடி உண்டு, மேடம்'
என்றது ஒரு நல்ல குரல். பதிவு செய்யத் தோன்றியது.
பெரியவர்கள் சட்டத்தை வரவேற்று அறிக்கை விட்டார்கள்.
யானைக்கென்று வெட்டிய குழியை
யானை ஓர் எட்டில் தாண்டிவிட்டது.

சட்டத்தைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.
அக்கா மகள் பதின்மூன்று வயதில்
போர்வைக்குள் கைபேசியோடு கிடந்து
தன் உடம்பை வெறுக்கக் கற்றுக்கொண்டாள்.
அன்றைக்கு இந்தப் படிவம் இருந்திருந்தால்
அக்காவின் பேனாவை நானே ஒளித்துவைத்திருப்பேன்.

வயதைக் கேட்டு எல்லாருக்கும் எழுதினேன்.
பொய் சொல்லத் தெரியாத அறுபத்தொரு பேர்
உண்மையைச் சொன்னார்கள்.

ஞாயிறு முழுக்க அவர்களுடைய பழைய ஒலிகளில்
சம்மதம் தேடினேன்.
இருந்தது.
ஆலங்கட்டிக்குப் பின்னால் ஓர் அம்மா:
'உள்ளே வா, சூப் ஆறுது.'
சோளத்துக்குப் பின்னால் ஒரு தகப்பன்
மகனின் பதிவு கெடக்கூடாதென்று மூச்சை அடக்கி நிற்கிறான்.
முப்பத்தெட்டாவது நொடியில் தும்முகிறான்.
இதைவிடவா ஒரு கையெழுத்து என்று
வக்கீல் மத்துரேனிடம் கேட்டேன்.
தும்மலில் தேதி இல்லையே என்றார்.
இலவச அரைமணியில் இருபது நிமிடம் அதிலேயே போயிற்று.

இத்ரிஸின் ஒலிகளில் மட்டும் யாருமில்லை.
விடுதி நடைபாதை. கொதிகலன்.
தானாக மூடிக்கொள்ளும் ஒரு தீக்கதவு,
சற்றுப் பொறுத்து இன்னொன்று.
எழுதியிருந்தான்: 'பொறுப்பாளர் போட்டால் செல்லுமா?
இப்போதிருப்பவர் வெள்ளிக்கிழமை மாறிவிடுவார்.'

பதினொரு வயதில்
அப்பாவின் கையெழுத்தை நான்தான் போட்டேன்.
தடுப்பூசிக்கு, நீச்சல் வகுப்புக்கு, வீட்டுக்காரருக்கு.
இந்த ஊர் எழுத்து அவருக்கு வராது.
என் கை அவர் கையைவிட அவரைப்போல எழுதும்.
இத்ரிசுக்கு எழுதிய பதிலை
மூன்று தடவை அழித்தேன்.

செவ்வாய் இரவு அறுபத்தொரு கணக்குகளை மூடினேன்.
அவரவர் ஒலியைக் கட்டி அவரவருக்கே அனுப்பினேன்.
இத்ரிஸின் பொதியில் நூற்றேழு நடைபாதைகள்.

புதனன்று ட்ராமில், பழக்கதோஷம், காதில் மாட்டினேன்.
ரூவானில் ஓய்வுபெற்ற ஒருவர்
தன் காப்பி இயந்திரத்தை அனுப்பியிருந்தார்.
சுத்தமான பதிவு. குறை சொல்ல ஏதுமில்லை.
கடைசிவரை கேட்டேன்.
பின்னால் யாரும் யாரையும்
சாப்பிடக் கூப்பிடவில்லை.