பின்சில்லு

முதலாவது ஸ்டட் பாலிநகர்ச் சந்தியில் ஒடிந்தது.
மற்றது எங்கே போனதென்று எனக்குத் தெரியாது.
உள்ளே ஆறு பிள்ளைகள், ஆறு தண்ணீர்ப் போத்தல்.
ஒருத்தருக்கும் சொல்லாமல்
மிச்சம் இரண்டு நட்டில்
மல்லாவி வந்து சேர்ந்தோம்.

குற்றவாளியை எனக்குத் தெரியும்.
கராஜ்ப் பொடியன் காற்றுத் துவக்கை வைத்து
டிர்ர்ர் என்று இறுக்கியபோதே
இரும்பு முனகியது கேட்டது.
காசைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்தவள் நான்.

ஞாயிறு.
முன்சில்லுக்கு இரண்டு பக்கமும் புளொக் கல்.
கைப்பிரேக்கை இறக்கி விட்டேன்,
அது பிடித்திருக்கும்வரை ட்ரம் கழராது.
ஜக்குக்கு அடியில் முதிரைப் பலகை,
இல்லாவிட்டால் இந்த மணல்
வாகனுக்கு முன்னம் ஜக்கை விழுங்கும்.

பெயின்ற் வாளியில் சாய்ந்த போனுக்குள்
சோதியண்ணை. மொன்றியலில் சாமம்.
பனி தள்ளும் லொறியில் அவருக்கு இடைவேளை.
'ட்ரம்முக்குள்ளை தூள் இருக்கும், ஊதாதை.
ஈரத்துணியாலை துடை.'
துடைத்தேன்.
'இப்ப நேராய் அடி. சரிச்சு அடிச்சால் கண் போகும்.'

அடித்தேன்.
நாய் எழும்பிப் போய் வேலிக்கு அப்பால் படுத்தது.
இரண்டாவது அடிக்கு
பக்கத்து வளவில் வாய்ப்பாடு சொன்ன குரல்
ஏழெட்டு என்றதோடு நின்றது.
நாலாவது அடிக்கு ஒடிந்த துண்டு
பின்பக்கமாய் மணலில் விழுந்தது.
அதற்குச் சத்தமில்லை.
ஐம்பத்தாறு, என்றது வேலிக்கு அப்பால் குரல்.

புதியவை வவுனியாவிலிருந்து வந்தவை,
லொத்தர் முடிவுப் பக்கத்தில் சுற்றி,
பஸ் கொண்டக்டரின் சட்டைப்பையில்.
பின்னாலிருந்து கொடுத்து
பழைய பள்ளத்தில் பற்கள் உட்காரும்வரை
விரலால் திருப்பவேண்டும்.
முன்னால் ஐந்து வாஷர், நடுவில் கிரீஸ்,
நட்டைத் தலைகீழாய்ப் போட்டு
கொஞ்சம் கொஞ்சமாய் இழுத்தெடுக்கவேண்டும்.
'இனி வராது எண்டு கை சொல்லும். அதோடை நிப்பாட்டு.'
கை சொன்னது. நிறுத்தினேன்.

இரண்டாவதுக்கு வாஷரைக் கோர்த்தபோது
கிரீஸ் விரலிலிருந்து நட்டு வழுக்கியது.

மணலைக் கிளறினேன். இல்லை.
உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கர்க் காந்தத்தை
நூலில் கட்டி இழுத்தேன்.
முதல் இழுவைக்கு அதற்குக் கறுப்புத் தாடி முளைத்தது.
அடுத்ததற்கு
ஒரு ஆணி, ஒரு சோடா மூடி, சைக்கிள் கம்பித் துண்டு.
பிறகு,
பெருவிரல் அளவில் ஒன்று.
ஓரம் சுருண்டு, துரு ஊறி,
எந்த வாகனத்திலும் இல்லாத வடிவம்.

ஏன் அதைப் போனுக்கு நேரே பிடித்தேனோ.

லொறி எஞ்சின் உறுமுவது மட்டும் கேட்டது.
கண்ணாடியில் பனி விழுந்து வழிந்தது.
'அது வாகன்ரை இல்லை.
கீழை வை.'
கொஞ்சம் பொறுத்து,
'வாஷருக்குக் கிரீஸ் பூசினியே?'
'பூசினனான்.'

நட்டு ட்ரம்முக்குள் கிடந்தது.
கழற்றி மல்லாத்தி வைத்தவள் நான்தான்.
அரை வளவை வீணாய்க் கிளறியிருக்கிறேன்.

மாலையில்
ஒடிந்த ஸ்டட் இரண்டையும் அந்தத் துண்டையும்
ஒரே பால்மா ரின்னில் போட்டேன்.
பழைய இரும்புக்காரன் வந்தால்
எல்லாவற்றையும் ஒரே விலைக்குத்தான் நிறுப்பான்.

'அம்பது கிலோமீற்றர் ஓடினாப்பிறகு
ஒருக்கால் இறுக்கிப் பார். மறந்திடாதை.'

செவ்வாய் மத்தியானம்,
பிள்ளைகளை எல்லாம் இறக்கியபின்
மாங்குளம் வீதியோரப் பாலைமர நிழலில் நிறுத்தினேன்.
எதிரெதிராய், ஒன்றுவிட்டு ஒன்று.
மூன்று அசையவில்லை.
நாலாவது கால்வாசி சுற்றுத் திரும்பியது.
அந்தக் கால்வாசியை இறுக்கி,
கையைப் பாவாடையில் துடைத்து,
இன்னொருமுறை முதலாவதிலிருந்து தொடங்கினேன்.