எடைமேடை, புளியரை

தோட்டைக் கழற்றியது சுலபம்.
ஞானஸ்நானத்துக்கு முந்தின ராத்திரி
கண்ணாடி முன் நின்று திருகினேன்.
வலது காதில் மட்டும் பதினாலு வருஷ அழுக்கில்
மறை இறுகிக் கிடந்தது.
ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய்,
வந்துவிட்டது.
ரெண்டரை கிராம்.

பொட்டு போயிற்று. டிவி போயிற்று,
தூக்கிக்கொண்டு போன தம்பிக்குக் கொண்டாட்டம்.
கொழுந்தியாள் கல்யாணத்தில் கெட்டிமேளம் கேட்டதும்
பந்திப்பக்கம் போய் டம்ளர் கழுவினேன்.
"வேறுபாட்டு ஜீவியம்" என்றார் பாஸ்டர் ஞானதிரவியம்.
ஆமென் என்றேன்.
பொய்யில்லை, உடம்பே லேசாக இருந்தது,
குண்டாற்றில் முங்கி எழுந்தபோது
சாரல் முகத்தில் அடித்ததே, அதைப் போல.

திங்கட்கிழமை காலை
எம்-சாண்ட் ஏற்றிய பத்துச் சக்கரம்
மேடையேறி மூச்சு விட்டது.
இருபத்தெட்டு டன்னுக்கு மேல் மலையேறக் கூடாது.
சிவப்பு எழுத்தில் நின்றது முப்பத்தாறாயிரத்து நானூற்றி இருபது.
சீட்டில் இருபத்தேழாயிரத்துத் தொள்ளாயிரம் என்று அடித்தேன்.
ஒன்பது வருஷமாக அடிக்கிற விரல்.
மேலே வெள்ளைச் சேலை சுற்றியிருப்பது
விரலுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்படியே மூன்று மாதம்.

ஒருநாள் டிரைவர் ஷிஜு
ஜன்னலில் முழங்கை ஊன்றிச் சிரித்தான்.
"சேச்சி பிரார்த்தனைக்காரியானது எங்களுக்கு ஐஸ்வரியம்.
இந்தக் கையால அடிச்ச சீட்டுன்னா
ஆரியங்காவுல ஒருத்தனும் திருப்பிப் பாக்கறதில்ல."

நல்ல வார்த்தைதான் சொன்னான்.
வண்டி கோட்டைவாசல் பக்கம் முனகிக்கொண்டு போனது.
நான் காதைத் தொட்டுப் பார்த்தேன்,
ஓட்டை பாதி தூர்ந்திருந்தது.
உலகத்துக்கு வெளியே போய்விட்டதாக நினைத்திருந்தேன்.
அதன் கணக்குப்பிள்ளைக்கு
வெள்ளை உடுத்திவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்த வண்டிக்கு
மேடை சொன்னதையே அடித்தேன்.

முதலாளி கத்தியது பெரிதில்லை,
சம்பளத்தில் பிடித்ததும் பெரிதில்லை.
அந்த லாரி பிரதர் கிருபைராஜுடையது.
சபைக்குக் கான்கிரீட் கூரை போடுகிறவர்,
முன்வரிசைக்கு ரெண்டு மின்விசிறியும் அவர் உபயம்தான்.

பாஸ்டர் வீட்டுக்கு வந்தார்.
கட்டன்காப்பி ஆறும்வரை ஜெபித்தார்.
பிறகு மெதுவாக,
"உலகத்துல இருக்கிற மட்டும்
கொஞ்சம் அனுசரிச்சுத்தான் போகணும், சிஸ்டர்."
எந்த உலகம் என்று கேட்டிருக்கலாம்.
சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என் பாயில்
இன்னும் ரெண்டு பேர் உட்கார இடமிருந்தது.
ஒருத்தரும் வரவில்லை.
கண்ணை மூடினால்
தலைக்கு மேலே கூரை எத்தனை டன் என்று
மனசு கணக்குப் போடுகிறது.
அந்த மணலில் எத்தனை லோடு என் சீட்டில் போனது?
அன்னியபாஷை மழைபோல இறங்க
நான் ஒருத்தி நனையாமல் இருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்.
பாயில் தனியே இருந்தபோது
உள்ளுக்குள் ஒரு மினுமினுப்பு,
தங்கத்தைவிட நன்றாகவே ஜொலித்தது,
பார்த்தீர்களா, நான் ஒருத்தி, என்று.
அதையும் கழற்றத்தான் வேண்டும்.
அதன் மறை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை,
எந்த எண்ணெய்க்கு இளகும் என்றும்.

நேற்று ராத்திரி வண்டி இல்லை.
பேய்க்காற்று தகரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.
செருப்பைக் கழற்றிவிட்டு
மேடை நடுவில் போய் நின்றேன்.
கண்ணாடிக்கு அந்தப்பக்கம்
அறுபது என்று காட்டியது.
பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும் அதற்கு.
தோடு போட்டுக்கொண்டு நின்றிருந்தாலும்
அறுபதுதான்.

வளைவில் வெளிச்சம் திரும்பியது.
ஹாரன் அடித்தான்.
இறங்கி, சேலையை உதறிக்கொண்டு,
அவன் ஏற வழிவிட்டேன்.
சீட்டுக் கட்டில் தாள் இருக்கிறதா என்று பார்த்தேன்.