எந்தப் பக்கம்

டிக்கெட்டை மகள் போட்டுவிட்டாள்.
தங்குற இடம் மட்டும் நீயே பாத்துச் சொல்லும்மா என்று
ஆம்ஸ்டர்டாமிலிருந்து அனுப்பிய வரைபடம்
மூலனூரில், முருங்கை எடை போடும் கொட்டகையில்
என் கைப்பேசியில் விரிகிறது.

கிரீட் தீவு.
தறியிலிருந்து அறுத்துப் போட்ட துண்டு மாதிரி
குறுக்கே கிடக்கிறது, ஓரமெல்லாம் பிசிறு.
நீளம் இருநூற்று அறுபது கிலோமீட்டர்.
கோயமுத்தூரில் பஸ் ஏறினால் தஞ்சாவூர்.
ஒரு வாரத்தில் முழுசும் முடியாது,
ஏதாவது ஒரு பக்கம் பிடியுங்கள் என்கிறார்கள்
போய்வந்தவர்கள்.

மேற்கு என்றால் மலை, மழை, ஆரஞ்சுத் தோப்பு,
பழைய துறைமுகத்தில் ஒரு கலங்கரை விளக்கம்.
நடுவில் விமான நிலையமும் கூட்டமும்.
தெற்கே போக மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கவேண்டும்,
வாந்தி வரும்,
ஆனால் கடலுக்கு அக்கட்டாலே ஆப்பிரிக்கா.
கிழக்கே காற்று. கல். ஆலிவ் மரம்.
ஆள் கம்மி, வாடகையும் கம்மி.

"கெழக்கால தண்ணி எப்படி?"
மூட்டையைத் தைத்துக்கொண்டே சிவமலை கேட்கிறார்.
ஏழு நாள் குளிப்பதற்கு
போர் எத்தனை அடி என்று விசாரிக்கிற மனுசன்.
எனக்குச் சிரிப்பு வந்தது,
வந்து பாதியில் நின்றது.

இந்தக் கேள்வியை முன்பே ஒருத்தர் கேட்டிருக்கிறார்.
தொண்ணூற்றேழு, தை மாசம்.
கோபிக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்காலை ஒட்டின வீடு.
ஒரம்பரைக்குக் காப்பி ஆற்றிக்கொண்டு நான் உள்ளே.
வெளியே என் பெரியப்பன்:
"மூலனூர்ப் பக்கமுங்களா? தண்ணியெல்லாம் எப்படீங்?"
"அதெல்லாம் இருக்குதுங்க" என்றது ஒரு குரல்.
அவ்வளவுதான் விசாரணை.
சன்னலிலிருந்து என்ன தெரியும் என்று
யாரும் படம் அனுப்பவில்லை.
முன்னால் தங்கினவள் ஒருத்தியும்
பத்துக்கு எவ்வளவு என்று எழுதி வைக்கவில்லை.
எண்பது கிலோமீட்டர். வெத்தலை மாற்றியாயிற்று.

முதல் சித்திரையில் லாரித் தண்ணிக்கு
ஏழு குடத்தோடு நின்றபோது
இருக்குதுங்க என்ற அந்தக் குரலைத் தேடினேன்.
மாமனாருடையது.
பங்குனியிலேயே செத்துப்போயிருந்தார்.

ராத்திரி தறி நின்றபிறகு
மேற்கில் ஒரு அறையைப் பிடித்தேன்.
சன்னலுக்குக் கீழே எலுமிச்சை,
எலுமிச்சைக்குக் கீழே ஓடுகிற தண்ணி.
பணம் கட்டும் இடத்தில் ஒரு வரி:
பன்னிரண்டாம் தேதி வரை ரத்துக்குக் கட்டணமில்லை.
அதை மூன்று தடவை படித்தேன்.
அவரிடம் காட்டினேன்.
"புடிக்காட்டித் திருப்பிக் குடுத்தர்லாமா?"
"குடுத்தர்லாம்."
"முழுசும்?"
"முழுசும்."
"பரவால்லையே" என்று புரண்டு படுத்தார்.

தூங்கியிருக்கலாம். கிழக்கைத் திறந்தேன்.
கல்லுக் காட்டில் ஒரு ஆலிவ் மரம்,
அதனடியில் கறுப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது.
பெரிதாக்கினால், சொட்டுநீர்க் குழாய்.
நம் முருங்கைக்குப் போட்டிருக்கிற அதே தடிமன்,
அணில் கடித்த இடத்தில்
சைக்கிள் டியூப் சுற்றின அதே கட்டு.
யார் கட்டியிருப்பார்கள்?
வெயிலுக்கு முன்னாலா, பொழுது சாய்ந்தா?
அங்கே அணில் உண்டா?
எலுமிச்சைச் சன்னலிடம் கேட்க
எனக்கு இப்படி ஒரு கேள்வியும் இல்லை.

இன்று எட்டாம் தேதி.
மகள் நாலு தடவை கேட்டுவிட்டாள்.
ரெண்டு பக்கமும்னா கார்லயே ஒரு நாள் போயிரும்மா,
சீக்கிரம் முடிவு பண்ணு.
பண்றேன் சாமி என்கிறேன். பண்ணவில்லை.
முருங்கை கிலோ பதினாறுக்கு இறங்கிவிட்டது.
தராசுக்குப் பக்கத்தில் கைப்பேசி,
ஒரு தள்ளலில் கிழக்கு, மறு தள்ளலில் மேற்கு.
இன்னும் நாலு நாள் இருக்கிறது,
அதில் ஒரு மணி நேரத்தைக்கூட
யாருக்கும் விட்டுக்கொடுப்பதாயில்லை.

சிவமலை இன்று மேற்கைப் பற்றிக் கேட்டார்:
"அத்தனை மழைன்னா
வேட்டி காயுமா?"